கசிவும் காரணமும்

பழைய காரின் எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் பொருந்தியிருக்கும் இடத்தில் எண்ணெய் கசிவது அடிக்கடி காணப்படும் குறை. இரவு வண்டி நின்ற தரையில் காலையில் கரும்பொட்டுகள் தெரியும். பானெட்டைத் தூக்கிப் பார்த்தால் டிஸ்ட்ரிபியூட்டரின் கழுத்தைச் சுற்றிப் பிசுக்கு படிந்திருக்கும். பழுது சிறியது, பல வேளைகளில் அதைத் தீர்க்கத் தேவைப்படும் ரப்பர் வளையமும் சிறியது. அந்த எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று துணிவதுதான் கடினம். விளைவு தென்படும் இடமே காரணம் இருக்கும் இடமா? கண்ணுக்கு எட்டாத காரணத்தை எந்த ஆதாரத்தால் நிறுவுவது? ஒரு காரணத்துக்குப் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் மற்றொன்று என்று போனால் எங்கே நிற்பது? இவை இந்திய மெய்யியல் நெடுங்காலமாக விவாதித்துவரும் கேள்விகள். மணிமேகலையும் சிவஞான சித்தியாரும் இவற்றுக்குத் தமிழிலேயே விடை தேடியிருக்கின்றன. பட்டறையில் கையால் செய்து பார்க்கும் வேலையும் அந்நூல்கள் வகுத்த அளவை முறையும் ஒன்றையொன்று விளக்கக் கூடியவை.

மும்பையின் பழைய வண்டிகள்

இத்தகைய பழைய வண்டிக்கு மும்பையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். குர்லா, செம்பூர், டிராம்பே ஆகியவை அதன் கிழக்குப் பகுதியில் அடுத்தடுத்து அமைந்தவை. வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை குர்லாவில் இருந்தது. இத்தாலிய ஃபியட் நிறுவனத்தின் 1100 வகைக் கார்கள் அங்கே உருவாயின. 1964-இல் ஃபியட் 1100 டிலைட் வந்தது. 1970-களில் அதே வண்டி பிரீமியர் பிரசிடென்ட் ஆகி, பிறகு பிரீமியர் பத்மினி ஆயிற்று. 1,089 சி.சி. கொள்ளளவுள்ள அதன் நான்கு சிலிண்டர் எஞ்சின்தான் பல பத்தாண்டுகள் மும்பையின் கறுப்பு-மஞ்சள் டாக்சிகளை ஓட்டியது. கடைசி பத்மினி டாக்சி 2003 அக்டோபரில் பதிவானது. டாக்சிகளுக்கு விதிக்கப்பட்ட இருபது ஆண்டு வயது வரம்பு முடிந்ததும், 2023 அக்டோபர் 30 முதல் பத்மினி டாக்சிகள் மும்பைச் சாலைகளில் இல்லை. சொந்த வண்டியாக அதை வைத்திருப்பவர்கள் இன்னும் ஓட்டுகிறார்கள்.

டிராம்பேக்கு எண்ணெயோடு தனித்த உறவு உண்டு. மாகுலை ஒட்டி 1954-இல் ஸ்டான்வாக் சுத்திகரிப்பு ஆலையும் 1955-இல் பர்மா ஷெல் ஆலையும் இயங்கத் தொடங்கின. நாட்டுடைமைக்குப் பிறகு அவை இந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் என்ற பெயர்களில் நடக்கின்றன. எஞ்சின் எண்ணெய்க்கு மூலமான அடிப்படை எண்ணெயும் இங்கே பிரித்தெடுக்கப்படுகிறது. குர்லாவின் சி.எஸ்.டி. சாலை பழைய வண்டிகளின் உதிரிப் பாகங்களுக்குப் பெயர் பெற்றது. அந்த எஞ்சினும், அதற்கான எண்ணெயும், பாகங்களும் ஒரே வட்டாரத்தில் கிடைத்த ஊர் இது.

2021 ஜூலையில் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் கெடாமல் காக்கப்பட்ட வண்டியை வின்டேஜ் வண்டி என்று வரையறுக்கின்றன. சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஒழுகுகிறது என்பதற்காக எஞ்சினையே மாற்றிவிடும் வழி இதனால் அடைபட்டுப்போகிறது. இருப்பதை வைத்துக்கொண்டே குறையைத் தேட வேண்டும். அந்தத் தேடல்தான் இங்கே பேசப்படும் பொருள்.

எண்ணெய் வரும் வழிகள்

காயிலில் உண்டாகும் உயர் மின்னழுத்தத்தை உரிய நேரத்தில் உரிய சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்குக்கு அனுப்புவது டிஸ்ட்ரிபியூட்டரின் வேலை. அதன் சாஃப்ட் எஞ்சினுக்குள் இறங்கியிருக்கும். கேம்சாஃப்ட்டில் உள்ள சாய்பல் கியர் அதைச் சுழற்றும். எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்றுச் சுற்றும். இதனால் அதன் கீழ்ப்பகுதி எப்போதும் எண்ணெயில் நனைந்திருக்க வேண்டும். பாயிண்ட், கண்டென்சர், ரோட்டார் ஆகியவை இருக்கும் மேற்பகுதியில் எண்ணெய் படவே கூடாது. நனைய வேண்டிய பாதியையும் உலர்ந்திருக்க வேண்டிய பாதியையும் பிரித்துவைப்பவை ஒரு வளையமும் ஒரு புஷ்ஷும்தான்.

இந்த இடத்தில் எண்ணெய் தென்படுவதற்கு நான்கு வழிகள் உண்டு. முதலாவது வெளிவழி. டிஸ்ட்ரிபியூட்டரின் உடலுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே உள்ள ஓ-ரிங் அல்லது கேஸ்கெட் ஆண்டுக்கணக்கான சூட்டில் இறுகி, நெளியும் தன்மையை இழந்துவிடும். இறுகிய ரப்பர் இடைவெளியை நிரப்பாது. இரண்டாவது உள்வழி. சாஃப்ட்டைத் தாங்கும் புஷ் தேய்ந்தால் சாஃப்ட் ஆடும். அந்தச் சந்து வழியே எண்ணெய் மேலேறிப் பாயிண்ட் இருக்கும் கிண்ணத்தை நனைக்கும். பாயிண்ட் கருகும், பொறி பலவீனமாகும், எஞ்சின் விட்டுவிட்டு இழுக்கும். மூன்றாவது மேலிருந்து வருவது. டாப்பெட் கவரின் கார்க் கேஸ்கெட் தளர்ந்தாலோ பக்கத்து மூடிகள் கசிந்தாலோ எண்ணெய் பிளாக்கின் சுவரோடு வழிந்து, டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் உள்ள பள்ளத்தில் தேங்கும். ஓடும்போது வீசும் காற்றும் அதை இழுத்துக்கொண்டு போகும்.

நான்காவது, அழுத்தம். பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருந்தால் எரிந்த வாயு சிலிண்டரிலிருந்து கீழே இறங்கி எண்ணெய்த் தொட்டிக்கு மேலுள்ள வெளியில் சேரும். அதை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் கூடும். அந்த அழுத்தம், எந்த மூடி பலவீனமாக இருக்கிறதோ அதன் வழியே எண்ணெயைத் தள்ளும். முதல் மூன்றும் எண்ணெய் வெளிவரும் இடங்கள். நான்காவது ஓர் இடமன்று. மற்ற இடங்களையெல்லாம் கசிய வைக்கும் நிலை. புது ஓ-ரிங் போட்ட சில வாரங்களில் அதே இடத்தில் மறுபடி எண்ணெய் வந்தால் பெரும்பாலும் இந்த நிலையைத்தான் ஐயப்பட வேண்டும்.

கண்டதிலிருந்து காணாததற்கு

எஞ்சின் ஓடும்போது அதன் உட்புறத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. வெளியே தெரியும் எண்ணெயைக் கொண்டு உள்ளே நடப்பதை ஊகித்தே அறிய வேண்டும். ஊகம் எப்போது அறிவாகும் என்ற கேள்விக்குத் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய விரிவான விடை சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் இருக்கிறது. அதன் 27-ஆம் காதையில் காப்பியத்தின் நாயகி மணிமேகலை ஆண் துறவியின் வடிவில் வஞ்சி நகருக்குச் சென்று பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்கிறாள். முதலில் பேசுபவன் அளவைவாதி. அறிவதற்கான வழிகள் பத்து என்று அவன் எண்ணிக் காட்டுகிறான். அவற்றுள் காண்டலும் கருதலும் முதன்மையானவை.

கருதல், அதாவது அனுமானம், மூன்று வகை என்கிறது அந்தப் பகுதி. பொது, எச்சம், முதல் என்பவை அவை. காட்டில் யானையின் ஒலி கேட்டு அங்கே யானை இருப்பதை அறிவது பொது. ஆற்றில் வெள்ளம் வருவதைக் கண்டு ஆற்றின் தலைப்பகுதியில் மழை பெய்திருக்கிறது என்று அறிவது எச்சம். கருக்கொண்ட மேகத்தைக் கண்டு மழை வரும் என்று அறிவது முதல். இரண்டாவது வகை விளைவிலிருந்து காரணத்துக்குப் பின்னோக்கிப் போகிறது. மூன்றாவது காரணத்திலிருந்து விளைவுக்கு முன்னோக்கிப் போகிறது.

கசிவைத் தேடும் அறிவு முழுவதும் எச்ச அனுமானம். வெள்ளத்தைக் காண்பவன் நிற்பது கீழ்க்கரையில். மழை பெய்ததோ மலைத்தலையில். வெள்ளம் ஓடும் இடத்தில் மழை பெய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவ்வாறே டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் தேங்கிய எண்ணெய், அங்கேதான் பிறந்தது என்று சாட்சி சொல்வதில்லை. எண்ணெய் ஓடும் திசையை அறிந்து, அதன் மேல்முனையைத் தேட வேண்டும். வேலை தெரிந்த மெக்கானிக் பிசுக்கின் அடிமுனையைத் துடைப்பதற்கு முன் மேல்முனை எங்கே இருக்கிறது என்று பார்ப்பது இதனால்தான்.

அதே காதையின் முடிவில் வரும் பூதவாதி, கண்ணால் கண்டதைத் தவிர வேறெதையும் ஏற்பதில்லை என்கிறான். அனுமானம் இல்லாமல் உன் தாய் தந்தையரை எப்படி அறிந்தாய் என்று மணிமேகலை அவனை மறுக்கிறாள். காட்சி ஒன்றே போதும் என்பவன் அன்றாட வாழ்க்கையில்கூட ஓர் அடி நகர முடியாது என்பது அந்த மறுப்பின் சாரம். கண்டதை மட்டும் நம்பிக் கசிவைத் தீர்க்க முயல்பவன் எண்ணெயைத் துடைத்துக்கொண்டே இருப்பான். துடைத்த இடம் மறுநாள் நனையும்.

அறிவு பிழைக்கும் வழிகள்

அறிவதற்கான வழிகளைச் சொன்ன அளவைவாதி, அறிவு போலத் தோன்றி அறிவாகாதவற்றையும் எட்டாக எண்ணுகிறான். சுட்டுணர்வு, திரியக்கோடல், ஐயம், தேராது தெளிதல், கண்டுணராமை, இல்வழக்கு, உணர்ந்ததை உணர்தல், நினைப்பு என்பவை அவை. மெய்யியல் வகுப்பில் இவை பெரும்பாலும் பெயர்ப் பட்டியலாகக் கடந்துபோகும். பட்டறையில் இவை ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு.

ஏதோ ஒன்று இருக்கிறது என்று மட்டும் உணர்ந்து, இன்னது என்று பகுத்தறியாமல் நிற்பது சுட்டுணர்வு. எஞ்சினில் எங்கோ கசிவு என்ற அளவில் நின்றுவிடுவது இது. இப்பியை வெள்ளி என்று கொள்வது திரியக்கோடல். டாப்பெட் கவரிலிருந்து வழிந்த எண்ணெயை ஓ-ரிங்கின் கசிவாகக் கொள்வது இந்த வகை. நிற்பது கட்டையா மனிதனா என்று தடுமாறுவது ஐயம். ஐயம் பிழைதான் என்றாலும் ஆராய்ச்சிக்கு அதுவே வாசல்.

அந்தக் கட்டையை ஆராயாமலே மனிதன் என்று முடிவு கட்டுவது தேராது தெளிதல். எட்டிலும் மிகுந்த தீங்கு செய்வது இதுவே. ஐயத்தோடு இருப்பவன் இன்னும் தேடுவான். தேராது தெளிந்தவன் தேடலை நிறுத்திவிடுவான். பழைய வண்டி என்றால் இந்த மாடலுக்கு எப்போதும் இந்த வளையம்தான் போகும் என்று பாராமலே சொல்வது இதன் வடிவம். அது பத்தில் ஏழு முறை சரியாக இருந்தாலும், எஞ்சிய மூன்றிலும் அதே உறுதியோடு சொல்லப்படுவதால் ஆபத்தாகிறது.

புலி அருகில் வந்தபோதும் கண்டு உணராதிருப்பது கண்டுணராமை. ஆயில் ஊற்றும் வாய் மூடியைத் திறந்தால் புகை மூச்சு விடுவது போல வெளிவருவதைப் பார்த்தும், அது உள்ளழுத்தத்தின் அடையாளம் என்று கொள்ளாதிருப்பது இத்தகையது. முயலின் கொம்பு போலச் சொல்லளவில் மட்டும் உள்ள பொருளைப் பேசுவது இல்வழக்கு. முன்பே அறிந்ததையே புதிய முடிவு போலத் திரும்ப அறிவது உணர்ந்ததை உணர்தல். எண்ணெய் கசிவதற்குக் காரணம் அடைப்பு சரியில்லாததே என்று சொல்வது அறிவைக் கூட்டுவதில்லை. பிறர் சொன்னதைக் காரணம் கேளாமல் ஏற்பது நினைப்பு. இன்னொரு வண்டிக்கு இன்னொருவர் கண்ட தீர்வை இந்த வண்டிக்குச் சோதிக்காமல் சார்த்துவது அதில் அடங்கும்.

இந்த எட்டில் பல அறியாமையால் வருபவை அல்ல; அவசரத்தால் வருபவை. அறிவின் ஒழுக்கம் என்று ஒன்று உண்டு, அது பெரும்பாலும் பொறுமைதான் என்பதை இந்தப் பட்டியல் காட்டுகிறது. சமய நூல் ஒன்று இதைச் சொல்வதில் வியப்பில்லை. பிழையாக அறிதல் அங்கே மனத்தின் குறையாகவும் துன்பத்தின் வேராகவும் கருதப்படுகிறது.

காரணம் எது

இந்திய மெய்யியலில் தருக்கத்தை வளர்த்த நியாய மரபினர் காரணத்துக்குத் திட்டமான வரையறை தந்தார்கள். விளைவுக்கு முன்னே தவறாமல் இருப்பதும், விளைவுக்குத் தேவையானதும் எதுவோ அதுவே காரணம். முன்னே இருந்தது என்பதால் மட்டும் ஒன்று காரணமாகிவிடாது. இதை விளக்க அவர்கள் பானை செய்யும் குயவனை எடுத்துக்கொண்டார்கள். களிமண்ணைச் சுமந்து வந்த கழுதை பானைக்கு முன்னே இருந்தது. ஆனால் அது பானைக்குக் காரணம் அன்று, மண் வேறு வழியிலும் வந்திருக்கலாம். குயவனின் தந்தை இல்லாமல் குயவன் இல்லை. ஆயினும் தந்தை பானைக்குக் காரணம் அல்லர். இப்படி ஒதுக்க வேண்டியவற்றை அவர்கள் அந்யதாசித்தம் என்று ஐந்து வகையாகத் தொகுத்தார்கள்.

இந்த ஒதுக்கல் பழுது பார்ப்பதில் பெரிதும் பயன்படும். சென்ற வாரம் எண்ணெய் மாற்றினார்கள், இந்த வாரம் கசிகிறது. ஆகவே புதிய எண்ணெய்தான் காரணம் என்பது கழுதையைக் காரணமாக்குவது. எண்ணெய் மெல்லியதாக இருந்தால் முன்பே இருந்த சந்தில் எளிதாக நுழையும். சந்தை உண்டாக்கியது அது அன்று.

காரணத்தை உறுதிசெய்ய இரண்டு சோதனைகளைச் சொன்னார்கள். காரணம் இருக்கும்போது விளைவு இருத்தல் அன்வயம். காரணம் நீங்கும்போது விளைவு நீங்குதல் வெதிரேகம். இங்கிலாந்தின் ஜான் ஸ்டுவர்ட் மில் 1843-இல் வெளியிட்ட தருக்க நூலில் ஒத்திருத்தல் முறை, வேறுபடுதல் முறை என்று இதற்கு நெருங்கிய இரண்டு முறைகளை வகுத்தார். இரு மரபுகளும் ஒத்துக்கொள்ளும் செய்தி ஒன்று: சேர்ந்து இருப்பதைக் காண்பது போதாது, நீக்கிப் பார்க்க வேண்டும்.

இதற்குத் துணையாகச் சைவ சித்தாந்தம் இன்னொரு கருவியைப் பேணுகிறது. 13-ஆம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரை அளவைகளிலிருந்து தொடங்குகிறார். பத்து அளவைகளைக் கூறி, அவை காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிறார். பத்தில் ஒன்று ஒழிபு. இருக்கக்கூடியவற்றை வரிசையாக வைத்து, அல்லாதவற்றை ஒவ்வொன்றாகக் கழித்து, எஞ்சியதைக் கொள்வது அது. கசிவின் நான்கு வழிகளையும் முதலிலேயே எண்ணி வைக்காமல் ஒழிபு அளவையைப் பயன்படுத்த முடியாது. பட்டியலில் இல்லாத வழியைக் கழிக்கவும் முடியாது, கொள்ளவும் முடியாது.

பழுது பார்க்கும் முறை

இனி வேலையின் வரிசை. முதலில் எஞ்சினின் வெளிப்புறத்தை மண்ணெண்ணெய் கொண்டு கழுவித் துடைத்து உலர விடுவார்கள். பழைய பிசுக்கு இருக்கும் வரை புதிய எண்ணெயின் பாதை தெரியாது. பிறகு சந்தேகமுள்ள பகுதியில் சாக்பீஸ் பொடியோ முகப்பவுடரோ தூவி, எஞ்சினைச் சூடேறும் வரை ஓட்டிப் பார்ப்பார்கள். பொடி முதலில் எங்கே நனைகிறதோ அதுவே ஓட்டத்தின் மேல்முனை. டாப்பெட் கவரின் விளிம்பு நனைந்தால் டிஸ்ட்ரிபியூட்டரைத் தொட வேண்டியதில்லை. விளிம்பு உலர்ந்திருந்து கழுத்து மட்டும் நனைந்தால் அடுத்த படி.

டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். கிண்ணம் உலர்ந்திருந்தால் உள்வழி கழிந்தது. வெளிவழியே மிஞ்சும். கிண்ணத்தில் எண்ணெய் இருந்தால் ரோட்டாரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்துப் புஷ்ஷின் தேய்மானத்தை அறியலாம். பிரீதர் குழாயைக் கழற்றி, அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பதும் இந்தக் கட்டத்தில்தான். அடைப்பு இருந்தால் அதை நீக்கி மறுபடி ஓட்டிப் பார்த்த பிறகே வளையத்தில் கை வைக்க வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுப்பதற்கு முன் முதல் சிலிண்டரைக் கம்ப்ரெஷன் முடியும் மேல் நிலைக்குக் கொண்டுவந்து, ரோட்டார் காட்டும் திசையையும், உடல் பிளாக்கில் பொருந்தியிருக்கும் கோணத்தையும் கோடு கிழித்துக் குறித்துக்கொள்வார்கள். கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி மேலே இழுக்கும்போது சாய்பல் கியரின் காரணமாக ரோட்டார் சற்றுத் திரும்பும். எவ்வளவு திரும்பியது என்பதையும் குறித்துக்கொண்டால் மறுபடி இறக்கும்போது அந்த அளவு முன்கூட்டியே திருப்பி வைக்கலாம். வெளியே எடுத்த பின் எஞ்சினைச் சுற்றக் கூடாது. பள்ளத்தைச் சுத்தம் செய்து, அதே அளவுள்ள, எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் வளையத்தைச் சிறிது எஞ்சின் எண்ணெய் தடவி ஏற்ற வேண்டும். உலர்ந்த வளையம் இறங்கும்போது முறுக்கிக்கொண்டு அன்றே கிழியலாம். மறுபடி பொருத்தியபின் பாயிண்ட் இடைவெளியையும் டைமிங்கையும் சரிபார்ப்பது தவறாது செய்ய வேண்டிய வேலை.

வளையம், கார்க் கேஸ்கெட், பிரீதர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினாலும் கசிவு நிற்கக்கூடும். வண்டியின் உரிமையாளருக்கு அது போதும். ஆனால் எது காரணம் என்பது தெரியாமலே போய்விடும். வெதிரேகச் சோதனை நடக்கவில்லை. பயன் கிடைத்தது, அறிவு கிடைக்கவில்லை. அடுத்த வண்டிக்கு உதவக்கூடியது அறிவு மட்டுமே என்பதால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் பொறுமை வேலையின் சிக்கனமாகவும் அறிவின் நேர்மையாகவும் ஆகிறது.

செய்பவன் வேண்டுமா

காரியத்துக்குச் செய்பவன் ஒருவன் வேண்டுமா என்ற கேள்வியில்தான் சமயங்கள் முரண்படுகின்றன. சைவ சித்தாந்தம் ஒவ்வொரு காரியத்துக்கும் முதற்காரணம், துணைக்காரணம், நிமித்தகாரணம் என மூன்றைக் கொள்ளும். பானைக்கு மண் முதற்காரணம், சக்கரமும் கோலும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். மெய்கண்டாரின் சிவஞானபோதம் தன் முதல் சூத்திரத்திலேயே, தோன்றி நின்று ஒடுங்கும் இயல்புடைய உலகுக்கு ஒரு கருத்தா உண்டு என்று நிறுவத் தொடங்குகிறது. தோற்றத்துக்கு மட்டுமன்றி ஒடுக்கத்துக்கும் ஒரு முதல்வன் வேண்டும் என்பது அதன் துணிவு.

பௌத்தம் வேறு விடை தருகிறது. மணிமேகலையின் கடைசிக் காதைகளில் காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்தத் தருக்கத்தையும் பன்னிரு நிதானங்களையும் உபதேசிக்கிறார். பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என்பவை அவை. ஒன்று சார்பாக மற்றொன்று தோன்றும். ஒன்று மீள மற்றொன்று மீளும். இந்தச் சங்கிலியை இயக்க வெளியே ஒரு கருத்தா தேவைப்படுவதில்லை.

கசிவையும் அதைத் தீர்ப்பதையும் அருகருகே வைத்தால் இந்த முரண்பாட்டின் கனம் தெரியும். கசிவை யாரும் செய்யவில்லை. சூடு, காலம், தேய்மானம், அழுத்தம் ஆகியவை கூடியபோது அது தோன்றியது. சார்பில் தோன்றுதல் என்ற விளக்கம் இங்கே முழுமையாகப் பொருந்துகிறது. பழுது நீக்கமோ தானாக நிகழாது. எத்தனை நிலைமைகள் கூடினாலும் புதிய வளையம் தன்னைத் தானே ஏற்றிக்கொள்வதில்லை. அறிவும் நோக்கமும் உள்ள ஒருவரின் கை வேண்டும். நிமித்தகாரணம் இங்கே தவிர்க்க முடியாதது. சிதைவுக்கு நிலைமைகள் போதும், சீரமைப்புக்குச் செய்பவன் வேண்டும் என்பது இந்த ஒப்பீடு தரும் முடிவு. சித்தாந்தி இதோடு நிற்க மாட்டார். சிதைவும் ஓர் ஒழுங்கில் நடப்பதால் அந்த ஒழுங்குக்கு முதல்வன் யார் என்று கேட்பார். பௌத்தரும் நிற்க மாட்டார். செய்பவன் என்று சொல்லப்படுபவனும் நிலைமைகளின் கூட்டமே என்பார். உலகு முழுவதையும் பற்றிய அந்த வழக்கை ஓர் எஞ்சினைக் கொண்டு தீர்க்க முடியாது. ஆனால் இருவரும் ஒப்பக்கூடிய ஒன்று உண்டு: சங்கிலியில் மனிதச் செயல் நுழையும் கண்ணி எதுவோ, அங்கேதான் மாற்றம் தொடங்கும்.

எங்கே நிறுத்துவது

எண்ணெய் ஏன் கசிந்தது? வளையம் இறுகியதால். ஏன் இறுகியது? சூட்டாலும் வயதாலும். ஏன் உரிய காலத்தில் மாற்றவில்லை? கவனிக்காததால். ஏன் கவனிக்கவில்லை? இப்படியே கேட்டுப் போனால் பன்னிரு நிதானங்களின் தலையில் நிற்கும் பேதைமை வரை போகலாம். வளையத்தில் நின்றுவிட்டால் கசிவு திரும்பும். பேதைமை வரை போனால் வண்டி நகராது.

வளையத்தோடு நிற்கக் கூடாது என்பதற்கு ஒரு விபத்து சான்று. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73 விநாடிகளில் சிதைந்து ஏழு பேர் இறந்தனர். உந்துகலத்தின் இணைப்பில் இருந்த ஓ-ரிங் குளிரில் நெளியும் தன்மையை இழந்ததே உடனடிக் காரணம். விசாரணைக் குழுவின் உறுப்பினரான இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், பனிக்கட்டி நீரில் அந்த ரப்பரை அமிழ்த்தி எடுத்து, அழுத்திய வடிவத்திலிருந்து அது மீளத் தாமதிப்பதை எல்லாரும் காணச் செய்தார். ஆனால் குழு வளையத்தோடு நிற்கவில்லை. இணைப்பின் குறை முன்பே தெரிந்திருந்ததையும், பொறியாளர்களின் எச்சரிக்கை மீறப்பட்டதையும், முடிவெடுக்கும் முறையே பழுதுபட்டிருந்ததையும் காரணங்களாகப் பதிவுசெய்தது. வளையத்தை மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த விபத்தின் காரணம் அப்படியே இருந்திருக்கும்.

மறுபக்கம் பாலி நூலான மஜ்ஜிம நிகாயத்தில் நஞ்சு தோய்ந்த அம்பு பட்டவனின் கதை வருகிறது. எய்தவன் யார், அவன் குலம் என்ன, வில் எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரியும் வரை அம்பை எடுக்க விடமாட்டேன் என்பவன் அவற்றை அறியுமுன் இறந்துபோவான் என்கிறார் புத்தர். காரணங்களைத் தேடுவதற்கும் ஓர் எல்லை உண்டு. துன்பத்தை நீக்க உதவாத கேள்வியை விட்டுவிடுவதும் ஞானம். நியாய மரபினர் குயவனின் தந்தையைக் காரணப் பட்டியலிலிருந்து நீக்கியதும் இந்த எல்லையை வேறொரு கோணத்திலிருந்து வகுத்ததே.

இரண்டையும் சேர்த்தால் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. தேடல் இரண்டு நிபந்தனைகள் ஒன்றாக நிறைவேறும் இடத்தில் நிற்கலாம்: அந்தக் காரணத்தை நீக்கினால் குறை திரும்ப வரக் கூடாது, அந்தக் காரணம் மனிதக் கைக்கு எட்டியதாகவும் இருக்க வேண்டும். முதல் நிபந்தனை நிறைவேறாத இடத்தில் நிற்பது சோம்பல். இரண்டாவது நிறைவேறாத இடம் வரை போவது வேலையை விட்டு விலகுவது. பழைய காரின் கசிவில் இந்த இரண்டும் சந்திக்கும் இடம் பெரும்பாலும் பராமரிப்பு. பிரீதரைச் சுத்தமாக வைத்திருத்தல், ரப்பரை வயதறிந்து மாற்றுதல், எண்ணெய் அளவைப் பார்த்து வருதல் ஆகியவை அதில் அடங்கும். செய்யாமை என்பதும் ஒரு காரணம் என்று இங்கே தெளிவாகிறது. யாரும் செய்யாத கசிவுக்கு, செய்ய வேண்டியதைச் செய்யாத ஒருவர் பொறுப்பாகலாம்.

இந்தப் பொறுப்பு வண்டியோடு முடிவதில்லை. டிராம்பேயின் தெருக்களில் சொட்டும் எண்ணெய் மழைக்காலத்தில் வடிகால் வழியே தாணே கழிமுகத்தைச் சேரும். மாகுல், சிவ்ரி சேற்றுத் தரைகளுக்குப் பூநாரைகள் ஆண்டுதோறும் பெருந்திரளாக வருகின்றன. 2015-இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட தாணே கழிமுகம் 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. ஒரு வண்டியின் சில துளிகளால் அங்கே கண்ணுக்குத் தெரியும் கேடு எதுவும் நேராது. ஆனால் நகரம் முழுவதும் சொட்டும் எண்ணெய் அத்தகைய துளிகளால் ஆனதே. விளைவு தொலைவில் இருப்பதால் காரணம் தன்னுடையது அல்ல என்று கொள்வது, வெள்ளத்தைக் கண்டு தலைமழையை மறுப்பது போன்ற தருக்கப் பிழை. அறப்பிழையும் அதுவே.

காரணத்தை அறிவது என்பது ஆகவே இரு கட்டங்கள் கொண்டது. முதல் கட்டம் அறிவைச் சார்ந்தது: தென்படும் இடத்தில் நில்லாமல், கழித்தும் நீக்கியும் சோதித்து, தேராது தெளிந்துவிடாமல் காரணத்தை அடைவது. இரண்டாவது கட்டம் ஒழுக்கத்தைச் சார்ந்தது: அடைந்த காரணத்தில் தன் பங்கு எது என்று கண்டு அதைத் திருத்துவது. முதலாவது இல்லாமல் இரண்டாவது குருட்டு முயற்சி ஆகும். இரண்டாவது இல்லாத முதலாவது வெறும் தகவலாக நின்றுவிடும்.